நெட்டையா, குட்டையா

"அண்ணே, கட்டை!"

சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்ட மறுகணமே இந்தக் குரல் வந்துவிடும். மெத்தைக்காரர் வாயில் ஊசி இருக்கும், மடியில் பாதி தைத்த மெத்தை இருக்கும், புருவத்தில் பஞ்சு இருக்கும். "வர்றேன்டா, ஊரையே கூப்பிடாதே" என்று ஊசிக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய், கதவோரம் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துத் தம்பி வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் சொருகுவார். கட்டை இல்லாவிட்டால் அந்த வண்டி நிற்காது. சம்பள நாள் சாயங்காலத்து ஆள் மாதிரி இடது பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோளை இடித்துக்கொண்டு கிடக்கும். சந்தில் அதற்குக் 'குடிகாரன்' என்றே பெயர். ஓட்டுகிறவன் ஒரு சொட்டு தொடமாட்டான். அவன் பங்கையும் சேர்த்து வண்டி குடித்துவிடுகிறது என்று பேசிக்கொள்வார்கள்.

தம்பிக்கு ஐஸ் கம்பெனியில் பிட்டர் வேலை, மெஷின்களைப் பூட்டிக் கழற்றிச் சரிசெய்வது. ஆறடிக்காரன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. வண்டி ஆளைக் கீழே தள்ளிக் கொன்றிருந்தால் அதையாவது வையலாம். அது கம்பெனி வாசல் சுவரில் சாய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. யாரோ தள்ளிக்கொண்டுவந்து வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. நனைந்த பஞ்சை வைத்துக்கொண்டு மெத்தைக்காரரும், நனைந்த வண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி கிடந்தார்கள்.

மெத்தைக்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன ஒரே வீட்டில், சட்டையிலிருந்த பஞ்சு மூக்கில் ஏறி, பெண் தட்டோடு வந்து நின்ற நேரத்தில் அடுக்காகத் தும்மித் தொலைத்தார். அது சகுனமாகிவிட்டது. அதன்பின் தம்பி குடும்பமே அவர் குடும்பம். முன்னறை கடை, பின்னால் இரண்டு அறையில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பெண் பொடிசு. தம்பி இருந்தவரை அவருக்கு அந்த வீட்டில் என்ன உறவு என்ற கேள்வியே வந்ததில்லை. இப்போது அது தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஊர்ப்பட்ட நோயாளிகளின் போர்வையை வேகவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன் விட்டார்கள். இந்த வாரத்தோடு அதுவும் கிடையாது. விடியுமுன் ஆரம்பிக்கும் வேலைக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. விஷயம் தெரிந்து அவள் அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் சாமான் வண்டியோடு வருவார், மூட்டை கட்டிவை, புள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு.

"பெரியப்பா, நீங்களும் சாமான் வண்டியில வர்றீங்களா?" என்று பொடிசு கேட்டது.

"நான் சாமானில்லையே கண்ணு" என்றார். போகாதே என்று தம்பி மனைவியிடம் சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் எந்த உரிமையில் சொல்வது? சொல்ல வாயைத் திறந்தால் பஞ்சுதான் வந்தது.

அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள்.

"மாமா, வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்தாராமே. குடுக்க வேணாம். நான் ஓட்டப் போறேன்."

"நீயா?"

"ஏன், ஐஸ் கம்பெனி ஆம்பளைங்க மட்டும்தான் ஓட்டணும்னு வண்டில எழுதியிருக்கா?"

"எழுதலம்மா. ஆனா உன் காலு..."

"என் காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, நல்ல காலுதான். கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிடுது."

புருஷன் போன பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். உடனே, ஏதோ திருடிவிட்டது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஓட்டிப் பார்த்தாள். சைக்கிள் பழக்கம் உண்டு. ஓடும்போது ஒரு குறையுமில்லை. நிறுத்தும்போதுதான் வினை. கால் தரையைத் தேடி நீளும், தரை இன்னும் கீழே இருக்கும், வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். மூன்றாவது தடவை விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. போதாததற்குச் செயின் வேறு நழுவி நழுவி விழுந்தது. எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டு, "செயினை மட்டும் சரி பண்ணிக் குடுங்க மாமா. விழறதை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

மெத்தைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மௌனச்சாமி பட்டறைக்குப் போனார். அந்த மெக்கானிக் வாயை மூடியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை என்பதால் வைத்த பெயர் அது.

"வாங்க மெத்தையண்ணே, வாங்க. என்ன, குடிகாரனைக் கைத்தாங்கலா கூட்டிட்டு..." என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க. வாய்ல சனி. உங்க தம்பி ஒரு நாளும் என்கிட்ட வண்டியை விட்டதில்ல தெரியுமா? அவனே டாக்டரு, அவனே நோயாளி, அவனே நர்சு. ஸ்பேனர் மட்டும் கடன் வாங்க வருவான். திருப்பியும் குடுத்துடுவான், அதுதான் அவன்கிட்ட ஆச்சரியம். டீ சொல்லவா?"

"செயினைப் பாரு முதல்ல."

குந்தி உட்கார்ந்து பார்த்தான். "தேஞ்சு போச்சுண்ணே. செயின், பல்சக்கரம் எல்லாமே மாத்தணும். நெட்டையா, குட்டையா?"

"யாரு?"

"வண்டிண்ணே! இதுல ரெண்டு இருக்கு."

விஷயம் இதுதான். அந்த வண்டியை ஒரே பெயரில், ஒரே எஞ்சினோடு, இரண்டு விதமாகச் செய்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் ஒன்றை நெட்டை என்பார்கள், ஒன்றைக் குட்டை என்பார்கள். குட்டையில் உட்காருமிடம் தாழ்வு, பின்பக்கம் நீளம் குறைவு, செயினில் கண்ணி குறைவு. வண்டிப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருக்கும். எது எதுவென்று தெரியாமல் சாமான் வாங்கினால் வாங்கியது தண்டம்.

மெத்தைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் தம்பி எங்க வீட்டு வாசல்லயே குனிஞ்சுதான் நுழைவான். அவன் போய்க் குட்டை வாங்குவானா? நெட்டைதான். சந்தேகமே வேணாம்."

"அதானே! பார்த்தாலே தெரியுதே, குதிரை மாதிரி நிக்குது" என்றான் மௌனச்சாமி. ஆளை அளந்து வண்டிக்குப் பெயர் சொன்ன இரண்டு பேரும் திருப்தியாக டீ குடித்தார்கள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவர் போனபோது பட்டறையில் வசவு நடந்துகொண்டிருந்தது. மௌனச்சாமி உதிரிபாகக் கடைக்காரனை, கடைக்காரன் அப்பாவை, செயின் செய்தவனை, ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

"பாருங்கண்ணே இந்தக் கூத்தை. பின்சக்கரத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் இழுத்துட்டேன். இன்னும் ஊஞ்சல் மாதிரி தொங்குது. கண்ணி ரெண்டு ஜாஸ்தி. கடைக்குப் போய்ச் சண்டை போட்டா, அவன் நெட்டை படம் போட்ட பாக்கெட்டைத் தூக்கிக் காட்டறான். அப்போ இவன் சரி. நான் சரி. நீங்களும் சரி. எவன்தான் தப்பு?"

பேசிக்கொண்டே வண்டியைச் சுவரோரம் நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டான். குடிகாரன் தன் வழக்கப்படி சாய்ந்தது. மெத்தைக்காரர், கையோடு கொண்டுவந்திருந்த கட்டையை, பழக்கதோஷத்தில் ஓடிப்போய் அடியில் சொருகினார்.

"அது எதுக்குண்ணே கட்டை?"

"ஸ்டாண்டு எட்டாதுப்பா. எப்பவும் இப்படித்தான். ஸ்டாண்டு குட்டை."

"ஸ்டாண்டு குட்டைன்னா..." என்ற மௌனச்சாமி, தன் பெயருக்கு முதல்முறையாக மரியாதை செய்தான். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. கட்டையைப் பார்த்தான். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சுருள்கம்பியோடு நிற்கும் ஷாக்குகளைப் பார்த்தான். ஒரு துணியில் தின்னரை நனைத்து, ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் தேய்க்க ஆரம்பித்தான்.

"என்னப்பா தேய்க்கறே?"

"வண்டிக்கு மச்சம் அங்கதான்ணே இருக்கும். சட்டத்துல பொறிச்ச நம்பரு. நேத்தே பார்த்திருக்கணும். முதல்ல நம்பரைப் பாரு, அப்புறம் வாயைத் திறன்னு என்னை வேலைக்கு வெச்சவரு மண்டைல அடிச்சுச் சொல்லிக்குடுத்தது. வாயைத்தான் முதல்ல திறந்தேன்."

தம்பி கழுத்தில் கறுப்புப் பெயின்ட்டைக் கனமாக அடித்திருந்தான். அது கரைய நேரமாயிற்று. அதற்குள் வேலை முடிந்து, வேனிலிருந்து இறங்கி, தம்பி மனைவியே பட்டறைக்கு வந்துவிட்டாள். கையில் சலவைச் சோடாவின் வாசனை, மணிக்கட்டில் துணிக்கட்டு.

"ஆச்சா?" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா" என்ற மௌனச்சாமி உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, டார்ச்சை அடித்துப் பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான், கண்ணை நம்பாதவன் போல. "நாலாவது எழுத்துதான் கணக்கு. இது குட்டைண்ணே. அசல் குட்டை. உடம்பு குட்டை, ஸ்டாண்டு குட்டை, செயின் குட்டை. ஷாக்கு மட்டும் நெட்டை. பின்னாடி நெட்டை ஷாக்கை மாட்டி, முன்னாடியும் கழுத்தைத் தூக்கிவிட்டிருக்கான். பொய்க்கால் குதிரை! பிட்டராச்சே, அதான் தெரியாத மாதிரி பண்ணியிருக்கான். ஆனா ஆறடி ஆளு எதுக்கு மெனக்கெட்டுக் குட்டையைத் தேடி வாங்கணும்? வித்ததே கொஞ்சம், தேடினாலும் கிடைக்காத சரக்கு."

அவள்தான் சொன்னாள், வண்டியைப் பார்த்துக்கொண்டே.

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, 'ஏறி உக்காரு, கால் எட்டுதான்னு பாரு'ன்னாரு. நான் ஏறவே இல்ல. சிரிச்சேன். 'எனக்கு எதுக்குங்க வண்டி, அதான் நீங்க இருக்கீங்களே'ன்னேன்."

மௌனச்சாமி டார்ச்சை அணைத்தான்.

"ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா வண்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முட்டி இடிக்குது, அதான்னாரு. நான் என்னத்தைக் கண்டேன்?"

மௌனச்சாமிதான் முதலில் தேறினான். "அழாதம்மா. இது நல்ல சேதி. அவன் கழட்டின குட்டை ஷாக்கு ரெண்டும் வீட்டுல எங்கயாவது கிடக்கும். பிட்டர் புத்தி எதையும் தூக்கிப் போடாது. அதைக் கொண்டாந்து குடு, அரை நாள் வேலை. வண்டி பழையபடி இறங்கிடும், உனக்கு ரெண்டு காலும் தரைல பதியும். முழங்கை நீளம் இருக்கும், சுத்தி கனத்த சுருள்கம்பி, ரெண்டு முனையிலயும் கண்ணு மாதிரி ஓட்டை..."

மேற்கொண்டு அவன் சொன்னது எதுவும் மெத்தைக்காரர் காதில் விழவில்லை.

கடையில், மெத்தைத் துணிக் கட்டின்மேல், காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தாரே, அந்த இரும்பு. முழங்கை நீளம். சுருள்கம்பி. இரண்டு முனையிலும் கண். "அண்ணே, இது ரெண்டும் இங்க இருக்கட்டும், தூக்கிப் போட்டுடாதே" என்று தம்பி கொண்டுவந்து வைத்தது. தம்பி எதைத்தான் தூக்கிப் போடு என்றான்? வளைந்த ஆணிக்கும் அதே உத்தரவுதான். அவர் ஒன்றைத் துணிக்குப் பாரமாக்கினார். மற்றது போகவர காலை இடித்துக்கொண்டு கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழித்த அன்று, பழைய இரும்புக்காரன் குரல் கொடுத்தான். அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டார். நல்ல வியாபாரம் என்று அன்று நினைத்தார்.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே பழைய இரும்புக் கிடங்குக்கு ஓடினார். கிடங்குக்காரம்மா தராசுக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுருள்கம்பியா? எப்ப போட்டது?"

"மழை ஆரம்பிச்ச சமயத்துல."

"அய்யய்யோ பெரியவரே. அதுக்கப்புறம் லாரி வந்து வாரிட்டுப் போயிடுச்சே. இந்நேரம் உருகி எவன் வீட்டு ஜன்னலாவோ ஆயிருக்கும். நம்பிக்கை இல்லைன்னா தேடிப் பாருங்க. கை பத்திரம்."

தேடினார். நனைந்த தகரம், கட்டில் கால், ஆணி, அடுப்பு, பெயர் தெரியாத சக்கரம். பஞ்சிலேயே ஊறின விரல்கள். எல்லா இரும்பும் வெட்டியது. இருட்டும்வரை தேடினார். குடையோடு வந்து நின்ற கிடங்குக்காரம்மா, "விடுங்க பெரியவரே, போனது போனதுதான்" என்றாள். இரும்பைத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மனைவி அடுப்படியில் இருந்தாள். பொடிசு ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தது. அவர் கடையிலிருந்த ஒற்றை இரும்பை எடுத்துவந்து, திருடன் பொருளை ஒப்படைப்பதுபோல அவள் முன்னால் வைத்தார்.

"ஒண்ணுதான் இருக்கும்மா. இன்னொண்ணை... நான்தான் இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன். வாளிக்கு."

அவள் இரும்பைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சிவப்பு வாளியைப் பார்த்தாள். அதில் பொடிசின் பள்ளிக்கூடச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது.

"நான்தானே மாமா வாளி ஓட்டைன்னு சொன்னேன்" என்றாள். "வேற வாங்கிக் குடுங்கன்னு நான்தானே கேட்டேன்."

"நீ வாளிதான் கேட்டே. இதைப் போட்டு வாங்குன்னு சொல்லலையே."

"நல்ல வாளி மாமா. ஒழுகவே இல்ல." சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அவர் வைதிருந்தால் தேவலை என்று நினைத்தபடி நின்றார்.

மௌனச்சாமி ஒற்றை இரும்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒத்தையை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. இது ஜோடியாத்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டைன்னா சக்கரமே கோணிக்கும். வெளியூர்ல விசாரிக்கறேன், ஆனா நம்பிக்கை குடுக்கமாட்டேன். செயின்ல ரெண்டு கண்ணியை வெட்டி மாட்டிட்டேன். முன்கழுத்தை வேணா கொஞ்சம் இறக்கிவிடறேன். ஸ்டாண்டுக்கு ஒரு துண்டு வெச்சு வெல்டு பண்ணி நீட்டிடறேன், கட்டை வேலை மிச்சம்."

கூட வந்திருந்த அவள், "ஸ்டாண்டு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"அது எதுக்கும்மா..."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

மெத்தைக்காரர் அந்தப் பேச்சில் இல்லை. அவர் வண்டியின் சீட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஓரத்தில், நடுவில், பின்னால். மெத்தைக்கு அப்படித்தான் பார்ப்பார். "இது எவ்வளவு கனம்?" என்றார். "அடியில தகடு. அதுக்கு மேல எவ்வளவு நுரை இருக்கும்?"

"நாலு விரக்கடை இருக்கும். ஏன்?"

"கழட்டு."

சனிக்கிழமை பூராவும் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. சீட்டுத் துணியைத் தையல் தையலாகப் பிரித்தார். உள்ளே நுரை மஞ்சளாகிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். தம்பி உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியது. வலது பக்கம் கொஞ்சம் அதிகம், அவன் பழக்கம் அது, சாப்பிட உட்கார்ந்தாலும் வலது பக்கம்தான் சாய்வான். மெத்தைக்காரர் எத்தனையோ வீட்டு மெத்தையைப் பிரித்திருக்கிறார். ஆள் போன மெத்தைகளையும் பிரித்திருக்கிறார். பள்ளம் தெரியும், அடித்துப் போட்டு, நிரவி, வேறு உறை தைத்துக் கொடுத்துவிடுவார். கூலியையும் எண்ணி வாங்கிக்கொள்வார். இன்று கத்தியைத் தீட்டினார், தீட்டிக்கொண்டே இருந்தார். வெறும் தகரம்கூட அந்தக் கத்திக்கு வெண்ணெயாகிவிடும் என்ற பதம் வந்தும் தீட்டினார்.

"மாமா, நான் அறுக்கட்டுமா?" என்றாள் அவள், நிலைப்படியில் நின்று.

"கோணிடும். நீ போ, கஞ்சி வை."

அறுத்தார். பள்ளத்தோடு மேல்பகுதி ஒரே துண்டாக வந்துவிட்டது. மிச்சமிருந்த நுரையை இரண்டு பக்கமும் ஒடுக்கினார், தொடை அகலாமல் கால் நேரே இறங்குவதற்காக. உறையைச் சுருக்கித் தைத்தார். மெத்தைத் தையல்தான், இடைவெளி விட்டுப் பெரிது பெரிதாக. வண்டிச் சீட்டுக்கு அது விகாரமாகத்தான் இருந்தது.

மாட்டிப் பார்த்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். இடது காலை நீட்டினாள். பெருவிரல் தரையைத் தொட்டது, பாதம் பதியவில்லை. இன்னும் ஒரு விரற்கடை தேவை.

"இதுக்கு மேல அறுத்தா தகட்டுல உக்காரணும்" என்றார் மெத்தைக்காரர்.

மௌனச்சாமி தலையைச் சொறிந்தான். "வண்டியைக் குட்டையாக்கினவரைக்கும் போதும்ணே. மிச்சத்துக்கு ஆளை நெட்டையாக்குங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னான். மெத்தைக்காரர் அவள் செருப்பை வாங்கிப்போய், அடியில் கெட்டி ரப்பரைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் சாக்கு ஊசியால் தைத்தும் கொண்டுவந்தார். ஒற்றைக் காலுக்கு மட்டும். நிற்க ஒரு கால் போதுமே.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை நாள். மழை விடவில்லை. சந்து விழிக்குமுன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு பக்கம் உயரமான செருப்போடு விந்தி விந்தி நடந்துபோய், முனையில் ஏறிப் புறப்பட்டாள். மெத்தைக்காரர் கதவிடுக்கில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டார். அது தேய்ந்து மறைந்தபின் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். கோக்க முடியவில்லை.

மத்தியானம் அவள் அக்கா புருஷன் சாமான் வண்டியோடு வந்து இறங்கினார். மூட்டை எதுவும் கட்டவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"எங்க, காணோம்?"

"வேலைக்குப் போயிருக்கு."

"எதுல?"

"வண்டில."

"மெத்தைக்காரரே, உங்களுக்கு மூளை கீளை இருக்கா? இந்த மழைல, அந்த ரோட்டுல, பழகாத பொண்ணு. எங்கயாவது விழுந்து கிடந்தா? ஒருத்தனைக் குடுத்தாச்சு, போதாதா இந்த வீட்டுக்கு?"

அதையேதான் மெத்தைக்காரரும் விடியலிலிருந்து தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். உட்காரச் சொல்ல இடம் தேடியபோது, வந்தவர் மூலையில் கிடந்த மஞ்சள் நுரைத் துண்டை இழுத்தார். "அது வேணாம்" என்று சட்டென்று வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு, பஞ்சு மூட்டையைத் தட்டிப் போட்டார்.

வேலை முடியும் நேரம் கடந்தது. பொடிசு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, பிறகு பெரியப்பா முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டது. சந்துத் தண்ணீரில் விளக்கு வெளிச்சம் விழத் தொடங்கியது. அக்கா புருஷன் குடையை எடுத்துக்கொண்டு, "நான் அந்த ரோட்டு வழியாப் போய்ப் பார்க்கறேன்" என்று எழுந்தார். குரலில் கோபம் போய் வேறொன்று வந்திருந்தது.

அப்போது சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. மெதுவாக, முதல் கியரிலேயே முக்கிக்கொண்டு வந்தது. வாசலில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மழை மட்டும்.

"மாமா, கட்டை!"

அவர் எழுந்தார். வர்றேன், ஊரையே கூப்பிடாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. கட்டை காலையிலிருந்து மடியில்தான் இருந்தது.

வெளியே அவள் தலைமுதல் கால்வரை நனைந்து, முழங்கையில் சேறும் ரத்தச் சிராய்ப்புமாக, தைத்த செருப்பை ஊன்றி நின்றாள். வண்டியும் அந்தப் பக்கமே அவள்மேல் சாய்ந்திருந்தது. அவர் குனிந்து கட்டையைச் சொருகினார். அது குறுக்காகப் போய்விட்டது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் குறுக்கே போயிற்று.

"மெதுவா வைங்க மாமா" என்றாள். "நான் பிடிச்சிக்கிட்டுதானே இருக்கேன்."